பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வுக்கு மைண்ட்ஃபுல்னஸ் சிகிச்சை உண்மையில் உதவுமா?

உப்புவெளித் தாய் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, உப்புவெளியில் வசிக்கும் ஓர் ஆசிரியை, வயது முப்பத்தொன்று. எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து பதினொரு வாரங்கள் ஆகின்றன. சத்திரசிகிச்சை மூலம்தான் பிரசவம் நடந்தது. பிள்ளை நலமாக இருக்கின்றான்; ஒவ்வொரு மாதமும் அவனது எடை வளர்ச்சி அட்டையின் கோட்டை ஒட்டியே ஏறுகின்றது. நலமாக இல்லாதவள் நான்தான்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு முடியும் வரையில் வீட்டில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். சரக்கு அரைத்த கறியும் வேது வைத்த தண்ணீரும் நேரம் தவறாமல் கிடைத்தன. உறவினர்கள் புறப்பட்டுப் போன பிறகு, விடியற்காலையில் கண் விழிக்கும்போதே நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்தாற்போல ஒரு பாரம் வந்து உட்கார்ந்துகொள்கின்றது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சுவரைப் பார்த்தபடி இருந்துவிடுகின்றேன். எவ்வளவு நேரம் இருந்தேன் என்பதும் தெரிவதில்லை. பிள்ளை உறங்கினாலும் எனக்கு உறக்கம் வருவதில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் மூத்த மகள் பிறந்தபோதும் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் இவ்வாறே இருந்தேன். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன்.

இம்முறை வீட்டுக்கு வந்த மருத்துவமாது பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தந்து நிரப்பச் சொன்னார். 12 புள்ளிகள் வந்தன. அவர் அனுப்பியதன் பேரில் கிளினிக்கில் வைத்தியரைச் சந்தித்தேன். இது மிதமான மனச்சோர்வு என்றும், முதலில் உளவளத்துணையைத் தொடங்கலாம் என்றும், தேவைப்பட்டால் மாத்திரை பற்றிப் பின்னர் முடிவெடுக்கலாம் என்றும் அவர் கூறினார். இதனைக் கேள்வியுற்ற ரொறன்ரோவிலுள்ள என் மச்சாள், மைண்ட்ஃபுல்னஸ் (அந்தந்தக் கணத்தில் நடப்பதைக் கவனித்திருக்கும் மனப்பயிற்சி) முறையிலான எட்டு வாரப் பயிற்சியின் ஒலிப்பதிவுகளை எனது கைத்தொலைபேசிக்கு அனுப்பி வைத்தார். அங்கு வைத்தியர்களே இதனைப் பரிந்துரைக்கின்றார்கள் என்றும், மாத்திரை எதுவும் வேண்டியதில்லை என்றும் எழுதியிருந்தார்.

நான்கு நாட்கள் முயன்று பார்த்தேன். நாளொன்றுக்கு நாற்பது நிமிடங்கள் கண்களை மூடிப் படுத்திருக்க வேண்டுமாம். முதல் நாள் பன்னிரண்டாவது நிமிடத்தில் பிள்ளை அழுதான். இரண்டாம் நாள் மாமி வந்து, பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் வீடு என்ன ஆகும் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, கவலையோடுதான் கேட்டார். நான்காம் நாள் ஒலிப்பதிவின் பின்னணியில் கடல் அலையின் ஓசை வந்தது. சுனாமி வந்தபோது எனக்குப் பத்து வயது. அந்த ஓசையைக் கேட்டதும் நெஞ்சு படபடத்து, எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டேன். அதன் பின்னர் அந்தப் பதிவைத் திறக்கவில்லை. இந்தப் பயிற்சியைக்கூட ஒழுங்காகச் செய்ய முடியாதவளாகிவிட்டேனே என்ற எண்ணம் இப்போது பழைய பாரத்தின் மேல் ஏறிக்கொண்டது.

இது உண்மையிலேயே ஒரு சிகிச்சையா, அல்லது சற்று ஓய்வெடுப்பதற்கான வழி மட்டுமா? என் நிலையில் உள்ள ஒருத்திக்கு இது பொருந்துமா? மாத்திரைக்குப் பதிலாக இதை மட்டும் நம்பியிருக்கலாமா? பிரசவ விடுமுறை முடிய இன்னும் ஆறு வாரங்களே இருக்கின்றன. அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது

மகளே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திருமலை மாவட்டத்தில் வீடு வீடாகச் சென்றவள் என்ற உரிமையோடு எழுதுகின்றேன். தியானத்தின் மீது எனக்கு மறுப்பில்லை. ஆனால் உறக்கமில்லாத ஒரு தாயிடம் போய் நாற்பது நிமிடப் பயிற்சியைக் கொடுப்பது, பசித்தவளுக்குச் சமையல் குறிப்பைக் கொடுப்பதைப் போன்றது. முதலில் உறக்கத்துக்கு வழி பாருங்கள். இரவில் ஏதாவது ஒரு வேளை நான்கு மணித்தியாலம் தொடர்ச்சியாக நீங்கள் உறங்க வேண்டும். அந்த வேளையில் பிள்ளையைப் பார்க்கும் பொறுப்பு உங்கள் கணவருடையதோ மாமியினுடையதோ ஆகட்டும். பாலைக் கறந்து மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். நமது ஊரின் வெப்பத்தில், அதிலும் கச்சான் காற்று வீசும் மாதங்களில், அதனை மேசைமேல் வைக்க வேண்டாம்.

இரண்டாவதாக, குருதியைச் சோதித்தார்களா? சத்திரசிகிச்சைக்குப் பின்னர் குருதிச்சோகை இருந்தால் உடம்பு எழும்பாது. பிரசவமான முதல் ஆண்டுக்குள் சில தாய்மாருக்குத் தைரொய்ட் சுரப்பியில் அழற்சி ஏற்படுவதும் உண்டு; களைப்பு, சோர்வு, மறதி, அழுகை என்று அதன் அறிகுறிகள் மனச்சோர்வைப் போலவே தோன்றும். அந்த இரண்டையும் சோதித்துப் பார்க்குமாறு வைத்தியரிடம் நீங்களே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

இன்னொன்று. அந்தப் பத்துக் கேள்விகளை நிரப்பும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?

உளவளத்துணையாளர், திருமலை நகரம்

அன்புச் சகோதரிக்கு, நான் இத்துறையில் பணியாற்றுபவன். இங்கு எழுதுவது பொதுவான விளக்கமேயன்றி, உங்களை நேரில் பார்த்த வைத்தியரின் முடிவுக்கு மாற்றானதன்று. மேலே அம்மா எழுதிய உறக்கத்தையும் குருதிச் சோதனையையும் பற்றிய அறிவுரையை நான் அப்படியே ஏற்கின்றேன். பயிற்சியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகின்றேன்.

உங்கள் மச்சாள் அனுப்பியது வெறும் ஓய்வுமுறை அன்று. 1979இல் ஜோன் கபாட்-சின் என்பவர் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், நாட்பட்ட வலியோடு வாழ்ந்த நோயாளர்களுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார்; அதுவே பின்னர் எட்டு வாரப் பயிற்சியாக அமைந்தது. அதன் வேர் பௌத்த தியான மரபில் உள்ளது. ஆனால் வழிபாட்டுக் கூறுகள் எவையும் இல்லாமல் அவர் அதனை அமைத்தார். பின்னர் சிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜோன் ரீஸ்டேல் ஆகிய மூவரும் அதனோடு சிந்தனைமுறைச் சிகிச்சையின் (எண்ணங்களின் போக்கை ஆராய்ந்து மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) சில பகுதிகளை இணைத்து, மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வருபவர்களுக்கென ஒரு முறையை உருவாக்கினார்கள். 2000ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் மனச்சோர்வுக்கு உள்ளானவர்களிடையே, நோய் திரும்பும் வீதம் இப்பயிற்சியால் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்கள் பயிற்சியில் சேர்ந்தபோது நோயின் நடுவில் இருக்கவில்லை. நோயிலிருந்து மீண்ட நிலையில் இருந்தார்கள். வேலி அடைப்பதற்கும் தோட்டத்துக்குள் புகுந்த மாட்டை விரட்டுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இது. இம்முறை முதலில் வேலியாகவே வடிவமைக்கப்பட்டது.

தாய்மாரைப் பொறுத்தவரையும் இதே நிலைதான். சோனா டிமிட்ஜியனும் அவரது குழுவினரும் இப்பயிற்சியைக் கர்ப்பிணிகளுக்கும் புதுத் தாய்மாருக்கும் ஏற்றவாறு மாற்றியமைத்து, 2016இல் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். முன்னர் மனச்சோர்வு கண்டிருந்த 86 கர்ப்பிணிகள் அதில் பங்குபற்றினார்கள். பிரசவமாகி ஆறு மாதங்கள் வரையில் கவனித்தபோது, வழமையான பராமரிப்பை மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ 50 வீதத்தினருக்கு நோய் திரும்பியது. பயிற்சி பெற்றவர்களில் 18 வீதத்தினருக்கே திரும்பியது. சிறிய ஆய்வுதான், ஆயினும் வேறுபாடு பெரியது. மூத்த பிள்ளையின்போதே உங்கள் நிலைக்கு யாராவது ஒரு பெயர் வைத்திருந்தால், இரண்டாவது கர்ப்பத்தின்போதே இப்பயிற்சியை உங்களுக்கு வழங்கியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. இப்போது நோய் வந்துவிட்டது. அதனால் பயனே இல்லை என்று பொருளன்று. தீவிரம் குறைந்த மனச்சோர்வுக்குக் குழுவாகச் செய்யும் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியையும் ஒரு தெரிவாக இங்கிலாந்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டல் சேர்த்திருக்கின்றது. குழுவாக, பயிற்றுநரோடு என்பதை அழுத்திச் சொல்கின்றேன். ஒலிப்பதிவை அனுப்பிவிட்டு ஒரு தாயைத் தனியே விடுவது அந்தச் சிகிச்சை ஆகாது. நான்கு நாட்களில் நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்கின்றீர்கள்; உங்களுக்குத் தரப்பட்டது சிகிச்சையின் ஒரு துண்டு மட்டுமே.

இது எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை உங்கள் வீட்டு நிகழ்வொன்றைக் கொண்டே விளக்குகின்றேன். பிள்ளை ஒரு தடவை முலையை மறுத்து முகத்தைத் திருப்புகின்றான் என்று வைத்துக்கொள்வோம். ‘பால் போதவில்லை’ என்று மனம் சொல்லும். அடுத்த கணமே ‘மூத்தவளுக்கும் இப்படித்தான் நடந்தது’ என்னும். அதற்கடுத்து ‘நான் தாயாக இருக்கத் தகுதியற்றவள்’ என்னும். நடந்தது ஒரு குழந்தை முகத்தைத் திருப்பியது மட்டுமே. மிச்சம் முழுவதும் மனம் தானாகக் கோத்துக்கொண்ட மாலை. மனச்சோர்வு ஒரு தடவை வந்துபோனவர்களுக்கு இந்த மாலை மிக வேகமாகக் கோக்கப்படுகின்றது. அதை அறுத்தெறியச் சொல்லவோ, நல்ல எண்ணங்களால் மாற்றிக் கட்டச் சொல்லவோ இப்பயிற்சி முயல்வதில்லை. மாலை கோக்கப்படுவதைக் கண்டுகொள்ளப் பழக்குகின்றது, அவ்வளவுதான்.

நமது மொழியில் இதற்கு ஒரு சிறிய கருவி ஏற்கெனவே இருக்கின்றது. என்னிடம் வரும் தாய்மாரிடம், மனம் சொல்லும் வாக்கியத்தின் முடிவில் ‘என்று ஓர் எண்ணம் வருகின்றது’ என்பதைச் சேர்த்துச் சொல்லிப் பார்க்கும்படி கேட்பேன். ‘நான் தகுதியற்றவள்’ என்பது தீர்ப்பு. ‘நான் தகுதியற்றவள் என்று ஓர் எண்ணம் வருகின்றது’ என்பது செய்தி. முதல் வாக்கியத்தில் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றீர்கள். இரண்டாவதில் கூண்டுக்கு வெளியே இருந்து பார்க்கின்றீர்கள். சிலர் முதலில் சிரிப்பார்கள், பின்னர் சொல்லிப் பார்ப்பார்கள். ஓரிரு வாரங்களில் அந்த ‘என்று’ தானாகவே நாவில் வந்துவிடுகின்றது எனச் சொன்னவர்கள் உண்டு.

இனி நாற்பது நிமிட விவகாரத்துக்கு வருகின்றேன். மூல முறையில் அவ்வளவு நேரம் உண்டு என்பது உண்மையே. ஆனால் தாய்மாருக்காக மாற்றியமைக்கப்பட்ட முறையில் வீட்டுப் பயிற்சி சுருக்கப்பட்டு, பிள்ளையைக் கவனிக்கும் வேலைகளுக்குள்ளேயே பயிற்சி வைக்கப்படுகின்றது. நீங்கள் நாளொன்றுக்கு எட்டுத் தடவையேனும் பால் கொடுப்பீர்கள். அவற்றில் ஒரே ஒரு தடவையைத் தெரிந்தெடுங்கள். இரவு வேளையாக இருக்க வேண்டாம். அந்த ஒரு தடவை மட்டும், பிள்ளையின் தலையின் கனம் முழங்கையின் எந்த இடத்தில் படிகின்றது, அவனுடைய மூச்சின் வெப்பம் தோலில் எங்கே தெரிகின்றது, விழுங்கும் ஒலி எத்தனை உறிஞ்சலுக்கு ஒரு தடவை வருகின்றது என்பவற்றைக் கவனியுங்கள். மனம் சுவருக்குப் போனால், போய்விட்டது என்று அறிந்து திரும்பி வாருங்கள். நூறு தடவை போனால் நூறு தடவை திரும்புவதுதான் பயிற்சி, போகாமல் இருப்பதன்று. பிள்ளை மீது பாசம் பொங்க வேண்டும் என்று எதிர்பார்த்துச் செய்ய வேண்டாம். பாசம் வராத நாளில் கனத்தையும் வெப்பத்தையும் கவனித்தாலே போதும்.

இப்போது அலையோசை. உங்கள் கேள்வியில் என்னை அதிகம் நிறுத்திய இடம் அதுதான். ஒலிப்பதிவு செய்தவர்களுக்குக் கடல் அமைதியின் அடையாளமாக இருந்திருக்கும். 2004 டிசம்பர் 26இன் காலையை இந்தக் கரையில் கண்ட ஒருவருக்கு அது அப்படி இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நீங்கள் எழுந்து ஓடியதில் எந்தத் தவறும் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள் என்பதையும் கவனித்தேன். பெரும் அதிர்ச்சியைக் கண்டவர்கள், போரைக் கண்டவர்களும் அடங்கலாக, கண்களை மூடி மூச்சைக் கவனிக்கும்போது பழைய காட்சிகள் எழுவதும் மூச்சு முட்டுவதும் அறியப்பட்ட விடயங்களே. அவ்வாறானவர்களுக்குப் பயிற்சியை மாற்றிக் கொடுக்க வேண்டும். கண்களைத் திறந்தே வைத்திருங்கள். படுக்க வேண்டாம், முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மூச்சுக்குப் பதிலாக, சீமெந்துத் தரையில் பாதம் படும் குளிர்ச்சியைக் கவனியுங்கள். மூன்று நிமிடங்கள் போதும். சத்திரசிகிச்சைத் தழும்பு இன்னும் வலிக்கின்றதாயின், உடம்பை உச்சியிலிருந்து பாதம் வரை கவனிக்கும் பயிற்சியில் வயிற்றைத் தாண்டிச் செல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. படபடப்பு எழுந்தால் நிறுத்திவிடுங்கள். தாங்கிக்கொண்டிருப்பது திறமையின் அளவுகோல் அன்று. சுனாமி பற்றிய அந்த நினைவுகளை உளவளத்துணையாளரிடம் தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அவற்றுக்கு வேறு சிகிச்சை முறைகள் இருக்கின்றன.

மாத்திரையைப் பற்றி மச்சாள் எழுதியதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பயிற்சியும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. வைத்தியர் பரிந்துரைத்தால், பாலூட்டும் தாய்மாருக்கு வழமையாகத் தெரிவு செய்யப்படும் மருந்துகள் உண்டு. எடுத்துக்காட்டாக, செர்ட்ரலின் என்னும் மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவிலேயே சேர்கின்றது. பாலை நிறுத்த வேண்டி வரும் என்ற அச்சத்தில் மருந்தை மறுப்பவர்களைப் பலமுறை கண்டிருக்கின்றேன். முடிவு வைத்தியருடையதும் உங்களுடையதும், வெளிநாட்டுத் தொலைபேசியினுடையதன்று.

கிண்ணியா உம்மா

அஸ்ஸலாமு அலைக்கும். சகோதரியின் கடிதத்தை வாசித்துவிட்டு என் மூன்று வயது மகளைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகின்றேன். அவள் பிறந்து நாற்பது கழிந்த பின்னர் எனக்கும் இதே நிலை ஏற்பட்டது. வைத்தியர் தந்த மாத்திரையை எட்டு மாதங்கள் எடுத்தேன். சற்றுத் தெளிந்த பிறகு இணையவழியில் நடந்த ஒரு சிறிய குழுவில் சேர்ந்து எட்டு வாரப் பயிற்சியைச் செய்தேன். ஆறு தாய்மார் இருந்தோம்; பிள்ளைகள் மடியிலேயே இருந்தார்கள், அழுதார்கள், பயிற்றுநர் அதனைப் பொருட்படுத்தவே இல்லை.

என்னைப் பொறுத்தவரையில் முதல் தடை நேரமன்று, தயக்கம். இது பௌத்தர்களின் பாவனைத் தியானம் அல்லவா, நாம் செய்யலாமா என்று என் உம்மா கேட்டார். நமது நாட்டில் அந்தக் கேள்விக்கு மதம் மட்டுமன்றிப் பல காரணங்கள் இருக்கின்றன என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பயிற்றுநரிடம் நேரடியாகவே கேட்டேன். எந்தச் சொல்லையும் ஓத வேண்டியதில்லை, எந்த உருவத்தையும் நினைக்க வேண்டியதில்லை, விரும்பாத பகுதியை விட்டுவிடலாம் என்று அவர் சொன்னார். அவர் சொன்னபடியே இருந்தது. தொழுகையையும் திக்ரையும் நான் இதனோடு கலக்கவில்லை. ஆனால் தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூச் செய்யும்போது கையில் தண்ணீர் படுவதைக் கவனித்துச் செய்யத் தொடங்கியது இந்தப் பயிற்சிக்குப் பிறகுதான் என்று உம்மாவிடம் சொன்னேன். அப்படியென்றால் செய் என்றார்.

உண்மையைச் சொன்னால், முதல் மூன்று வாரங்கள் எனக்கு எதுவும் நடக்கவில்லை. அலுப்பாக இருந்தது. ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பார்க்கச் சொன்னபோது, அடுப்பில் சோறு குழைகின்றதே என்றுதான் யோசித்தேன். நான்காம் வாரத்தில், இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை அழுதபோது, ‘இன்றைக்கும் விடியாது’ என்ற நினைப்பு வந்தது. வந்ததை நான் கண்டேன். அவ்வளவுதான் நடந்தது. பிள்ளை அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் முன்பெல்லாம் அந்த நினைப்போடு நானும் சேர்ந்து அழுதுவிடுவேன், அன்றைக்கு அழவில்லை.

கணவரும் மாமியும் இதனை ஏற்றுக்கொண்டதற்கு இன்னொரு காரணம், பயிற்சி செய்யும் இருபது நிமிடத்தை நான் மருந்து வேளை என்று சொன்னதுதான். தியானம் என்று சொன்னபோது கதவைத் தட்டினார்கள். மருந்து வேளை என்றபோது தட்டவில்லை. உங்கள் மாமிக்கும் சொல்லிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது

கிண்ணியாத் தங்கையின் யோசனை நன்று. உளவளத்துணைத் தம்பி எழுதியவற்றில் பாலூட்டும் வேளைப் பயிற்சியை நானும் ஏற்கின்றேன். அதற்குத் தனியாக நேரம் வேண்டியதில்லை. ஆனாலும் ஒரு விடயம். பாகிஸ்தானின் கிராமங்களில் நமது மருத்துவமாதுகளைப் போன்ற பெண் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவித்து, மனச்சோர்வுற்ற தாய்மாரின் வீடுகளுக்கே அனுப்பினார்கள். அது மைண்ட்ஃபுல்னஸ் அன்று. சிந்தனைமுறைச் சிகிச்சையை எளிமையாக்கி, தாயின் நலம், பிள்ளையோடுள்ள உறவு, சுற்றியுள்ளவர்களின் துணை என்ற மூன்றையும் பற்றிப் பேசும் முறை. 2008இல் முடிவு வெளிவந்தது: ஆறு மாதத்தில், சிகிச்சை பெற்ற தாய்மாரில் 23 வீதத்தினருக்கு மட்டுமே மனச்சோர்வு நீடித்தது, மற்றவர்களில் 53 வீதத்தினருக்கு நீடித்தது. உலக சுகாதார நிறுவனமும் அதன் கைந்நூலைப் பின்னர் வெளியிட்டது. வீட்டுக்கு வந்து, மாமியையும் உட்கார வைத்துப் பேசியதுதான் அதன் பலம் என்பது என் கருத்து. ஒலிப்பதிவு மாமியோடு பேசாது.

மகளே, நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை.

உப்புவெளித் தாய்

அனைவருக்கும் நன்றி. ‘என்று ஓர் எண்ணம் வருகின்றது’ என்பதை நேற்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை மட்டும் சற்று இலேசாக இருந்தது. பாதத்தைத் தரையில் வைத்துக் கவனிப்பது அலையோசையை விட எவ்வளவோ மேல். மூன்று நிமிடம் இருக்க முடிந்தது.

அம்மா கேட்டதற்கு விடை சொல்கின்றேன். அன்று முன் விறாந்தையில் இருந்துதான் தாளை நிரப்பினேன். மாமி பக்கத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தார். அயல் வீட்டு அக்காவும் இருந்தார். கடைசிக் கேள்வி, தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்பது. ஒருபோதும் இல்லை என்று குறித்தேன். அது முழு உண்மையன்று. கடந்த மாதம் இரண்டு தடவை, நான் இல்லாமற்போனால் இந்தப் பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று தோன்றியது. எதையும் செய்ய எண்ணவில்லை, செய்யவும் மாட்டேன். ஆனால் தோன்றியது. இதனை வைத்தியரிடமும் சொல்லவில்லை. கணவர் அன்று வெளியே நின்றார், உள்ளே தாதியும் மற்ற தாய்மாரும் திரைக்கு அப்பால் இருந்தார்கள். சொல்ல வாய் வரவில்லை.

உளவளத்துணையாளர், திருமலை நகரம்

சகோதரி, இதனை எழுதியதற்கு நன்றி. இவ்வாறான எண்ணம் மனச்சோர்வோடு வருவது அரிதன்று. அதனால் உங்களை யாரும் மோசமான தாய் என்று கருத மாட்டார்கள், பிள்ளைகளைப் பிரிக்கவும் மாட்டார்கள். ஆனால் உங்கள் 12 புள்ளிகள் இந்த விடையை விட்டுவிட்டுக் கணக்கிடப்பட்டவை. ஆகவே நான் மேலே எழுதிய எல்லாவற்றுக்கும் முன்னால் இது வருகின்றது: வைத்தியருக்கு இது தெரிய வேண்டும், அடுத்த கிளினிக் நாள் வரையில் காத்திருக்காமல் இந்த வாரமே தெரிய வேண்டும். அதுவரையில் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை, அதனை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது.

வாயால் சொல்ல வராவிட்டால், இங்கு எழுதிய அந்த நான்கு வரிகளையே ஒரு தாளில் எழுதி வைத்தியரின் கையில் கொடுங்கள். இன்று இரவே கணவரிடம் சொல்லுங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிநாசினிகளையும் அவர் தம் பொறுப்பில் பூட்டி வைக்கட்டும். இது உங்களை நம்பாததால் அன்று, எல்லா வீடுகளிலும் நாங்கள் சொல்வதுதான். எண்ணம் வலுத்தாலோ, எப்படிச் செய்யலாம் என்று மனம் திட்டமிடத் தொடங்கினாலோ நேரம் பார்க்காமல் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பல நாட்கள் உறக்கமே தேவைப்படாதது போல இருப்பது, யாரும் பேசாத குரல் கேட்பது, பிள்ளையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் எழுவது ஆகியவை வேறு நோயின் அறிகுறிகள். உங்களிடம் அவை இருப்பதாக நான் கருதவில்லை, எனினும் கணவர் அறிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நிலையில் உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற மருத்துவமாது

தவறு உங்களுடையதன்று, மகளே. அந்தத் தாளைத் தாயின் கையில் தனியறையில் கொடுக்க வேண்டும். நானும் என் ஆரம்ப காலங்களில் விறாந்தையில் வைத்தே எல்லாவற்றையும் கேட்டிருக்கின்றேன். எத்தனை ‘இல்லை’களை நம்பி எழுதிக்கொண்டு வந்தேனோ தெரியாது. பிள்ளையின் தொப்புளைப் பார்க்க வேண்டும், தாயின் காயத்தைப் பார்க்க வேண்டும் என்று ஏதாவது காரணம் சொல்லிக் கதவைச் சாத்தக் கற்றுக்கொண்டது பிற்காலத்தில்தான். உங்கள் மருத்துவமாதுவுக்கு அழைத்து, காயத்தைப் பார்க்க வரச் சொல்லுங்கள். அவருக்கு விளங்கும்.

உப்புவெளித் தாய்

இரவு கணவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் எழுந்து குளியலறை அலுமாரியிலிருந்த மாத்திரைகளை எடுத்துக்கொண்டு போனார். இன்று காலை மருத்துவமாதுவுக்கு அழைத்தேன். அவரே கிளினிக்கில் பேசி, நாளைக்குக் காலை எட்டரை மணிக்கு வைத்தியரைத் தனியாகச் சந்திக்க ஒழுங்கு செய்திருக்கின்றார். கணவர் அரைநாள் விடுப்பு எடுத்துள்ளார். கடிதம் எழுதி மடித்துப் பிள்ளையின் அட்டைக்குள் வைத்துவிட்டேன். மாமியிடம் மருந்து வேளை என்று மட்டும் சொன்னோம். இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை சின்னவன் தன்னோடு படுக்கட்டும் என்று அவரே சொன்னார்.

அலையோசை இல்லாத தமிழ் ஒலிப்பதிவு யாரிடமாவது இருந்தால் இங்கே சொல்லுங்கள்.

கிண்ணியா உம்மா

எங்கள் குழுவில் பயன்படுத்தியதில் குரல் மட்டுமே இருக்கின்றது, வேறு ஓசை இல்லை. பயிற்றுநரிடம் அனுமதி கேட்டிருக்கின்றேன். கிடைத்ததும் அறியத் தருகின்றேன். நாளைக்குப் போய்வந்து இரண்டு வரி எழுதுங்கள், காத்திருப்போம்.